ஆறாம் மாடியில் முளைத்த வேலி

மொன்றியல் நகரத்தில், மலைக்கு மேற்குப் பக்கமாக நிற்கும் செங்கல் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில், பன்னிரண்டு வீட்டுக் கதவுகளுக்கும் நடுவே ஓடுகிற ஒடுங்கிய நடைவழியில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் மூன்றாம் திகதி விடியப்புறம் ஒரு வேலி முளைத்திருந்தது. கம்பி வேலியும் அல்ல, பலகை வேலியும் அல்ல. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் அடிக்கு ஒன்றாக நிலத்துக் கம்பளத்தைத் துளைத்துக்கொண்டு எழுந்து நின்றன. இலைவிடும் உயிர்க்கம்பமான கதியாலுக்குக் கதியால் பனைமட்டை வரிச்சு வைத்து, பின்னிய தென்னோலைக் கிடுகு சார்த்தி, நல்ல கைகாரன் ஒருவன் இறுக்கிக் கட்டியதுபோல் கட்டப்பட்டிருந்தது. யன்னல் முனையிலிருந்து லிப்ற் முனை வரைக்கும் நடைவழியை நேராக இரண்டாகப் பிளந்து போனது. நான் உணவுச்சாலையில் கோப்பை கழுவும் வேலைக்குப் போக ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தேன். வேலியைப் பார்த்தேன். வேலி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு படியால் இறங்கிப் போனேன்.

படியால் இறங்கியதற்குக் காரணம் இருந்தது. ஒற்றை இலக்கக் கதவுகள் எங்கள் பக்கம், இரட்டை இலக்கக் கதவுகள் மற்றப் பக்கம். லிப்ற் அவர்கள் பக்கம் போய்விட்டது. வேலி வந்த நாளிலிருந்து அது இடையில் வேறு எந்த மாடியிலும் நிற்கவில்லை. படிக்கட்டும் குப்பை போடும் துவாரமும் எங்கள் பக்கம் நின்றுவிட்டன. அன்று காலையிலிருந்து நாங்கள் அரிசி மூட்டையை ஆறு மாடி தூக்கி ஏறினோம், அவர்கள் மீன் செதிலையும் வெங்காயத் தோலையும் பையில் கட்டி லிப்ற்றில் கீழே கொண்டுபோனார்கள்.

அந்த மாடியில் இருந்த பன்னிரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்துச் சனம். ஒருவருக்கும் ஆச்சரியம் வரவில்லை. இரண்டு வீடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடுவில் வேலி வரத்தான் வேண்டும், இத்தனை வருடம் வராமல் இருந்ததுதான் புதினம் என்று பேசிக்கொண்டார்கள். பெண்கள் பூவரசம் இலையைப் பறித்து அதில் கொழுக்கட்டை அவித்தார்கள். ஒருவர் துவாயைக் காயப் போட்டார். பனி கொட்டத் தொடங்கும் மாதத்தில், சூடாக்கிக் குழாய்கள் தட்தட் என்று அடிக்கிற நடைவழியில், முள்முருக்கு சிவப்பாகப் பூத்தது.

அதே கிழமைதான் எல்லா வீட்டுக்கும் அரசாங்கத்துப் புத்தகம் வந்தது. பிரெஞ்சு பேசுகிற இந்த மாகாணம் கனடாவை விட்டுப் பிரிவதா இல்லையா என்று மாத முடிவில், முப்பதாம் திகதி, சனத்திடம் கேட்கப் போகிறார்கள். மின்கம்பத்தில் எல்லாம் விளம்பர மட்டை தொங்கியது. 'வுய்' என்றால் ஆம், பிரிவோம். 'நோன்' என்றால் இல்லை, இருப்போம். கட்டடத்தைப் பராமரிக்கும் ரெஜான் தன் சட்டையில் 'வுய்' என்ற நீல வில்லையைக் குத்திக்கொண்டு ஏணியோடு திரிந்தான். அவனுடைய தகப்பன் நூற்பு ஆலையில் முப்பது வருடம் வேலை செய்த மனிதர், சொந்த ஊரில், சொந்த ஆற்றங்கரையில், மேற்பார்வையாளனிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கத் தெரியாததால் ஒரு நாள் முழுதும் வாசலில் நிறுத்தப்பட்டவர். ரெஜான் இதை எனக்குச் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன். எங்கள் நாட்டில் தெரியாத மொழியில் எழுதிய கடதாசியில் கையெழுத்து வைத்தவன் நான். அவன் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் 'நோன்' பக்கம்தான் நின்றேன். எல்லை என்று ஒன்றைக் கீறத் தொடங்கினால் முதலில் சாவது கீறுகிறவன் அல்ல என்று கண்ணால் கண்டுவிட்டு வந்திருந்தேன்.

வேலிக்கு மற்றப் பக்கம், எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவில், அருளம்பலம் இருந்தார். என் மனைவி பவளத்தின் கூடப்பிறந்த அண்ணன். ஊரில் தபாலதிபராக இருந்தவர். அவர் 'வுய்'. அங்கே எங்களுக்குத் தனிநாடு வேண்டும் என்று கேட்டுவிட்டு, இங்கே கேட்கிறவனைப் பார்த்து இல்லை என்று சொல்ல என்ன முகம் இருக்கிறது என்று அவர் மற்றவர்களிடம் கேட்டாராம். என்னிடம் கேட்கவில்லை. அவரும் நானும் பதினான்கு வருடமாகக் கதைப்பதில்லை.

அதுவும் ஒரு வேலியால் வந்தது. இணுவிலில் அவர்களுடைய தகப்பனின் காணியை இரண்டாகப் பிரித்து, மேற்குப் பாதி அண்ணனுக்கு, கிழக்குப் பாதி பவளத்துக்குச் சீதனம் என்று உறுதி எழுதினார்கள். எல்லையில் கிணறு. எண்பத்தோராம் ஆண்டு ஆடி மாதம் வேலியடைத்தபோது அருளம்பலம் கிணற்றடி மூலையில் கதியாலை ஒரு முழம் கிழக்கே தள்ளி நட்டார் என்பது என் வழக்கு. தள்ளவில்லை என்பது அவர் வழக்கு. மல்லாகம் நீதிமன்றத்தில் பதினெட்டுத் தவணை போனோம். பத்தொன்பதாம் தவணைக்கு முன்னால் சண்டை வந்து, நீதவான் போய், கட்டடத்தின் கூரையும் போய்விட்டது. அவர் கொழும்பு போய் இங்கே வந்தார். நாங்கள் மதராஸ் போய் இங்கே வந்தோம். ஒரே கட்டடத்தில், எதிரெதிர்க் கதவில் வந்து சேர்ந்தோம், ஏனென்றால் வேலையும் வாடகை வீடும் தெரிந்தவர் வழியாகத்தான் கிடைக்கும், எங்கள் இருவருக்கும் தெரிந்தவர்கள் ஒரே ஆட்கள். பவளத்தின் பாதிக் காணியில் அவளுடைய கடைசித் தங்கை கமலாம்பிகை இன்னும் இருந்தாள், அந்தக் கிணற்றில் அள்ளிக்கொண்டு, அந்த வேலியைப் பார்த்துக்கொண்டு.

பவளத்துக்கு இதயத்தில் கோளாறு. படி ஏறவே கூடாது, இறங்குவதும் கவனம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வேலி முளைத்த நாளிலிருந்து அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள்.

வேலியை வெட்டவில்லையா என்று கேட்பீர்கள். இரண்டாம் நாளே தீயணைப்புப் படையினர் வாளோடு வந்து, லிப்ற் பக்கத்தில் நின்று ஆறு கதியாலை அறுத்தார்கள். அறுத்ததைக் கட்டி லிப்ற்றில் ஏற்றுவதற்குள் புதுக் கதியால் ஆறும் இலையோடு நின்றன. மாநகரசபையிலிருந்து ஒருவர் வந்து நீளம் உயரம் எல்லாம் அளந்து, கட்டடத்துக்குள் வளரும் வேலிக்குத் தங்கள் சட்டத்தில் தலைப்பு இல்லை என்று எழுதித் தந்துவிட்டுப் போனார். 'வுய்' ஆட்கள் வந்து வேலியோடு நின்று படம் எடுத்தார்கள். இயற்கையே எல்லை போடுகிறது பார் என்றார்கள். மறுநாள் 'நோன்' ஆட்கள் வந்து, முள்ளைத் தொட்டுக் காட்டி, பிரிந்தால் இப்படித்தான் கிழியும் என்றார்கள். இரண்டு கூட்டமும் எங்கள் கையைக் குலுக்கின. ஒருவரும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை.

அந்த வேலிக்கு ஒரு குணம் இருந்தது. ஒரு பக்கத்தார் மட்டும் வெட்டினால் தேத்தண்ணீர் ஆறுமுன் மூடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சேர்ந்து கட்டை அவிழ்த்தால் அப்படியே திறந்து நிற்கும். இதைக் கண்டுபிடித்தவள் பவளம். எதிரே இரட்டைப் பக்கத்தில் கடைசி வீட்டுப் பெண் சொதிக் கிண்ணத்தை நீட்ட, இவள் இந்தப் பக்கம் கிடுகை இழுக்க, அவள் அந்தப் பக்கம் இழுக்க, இரண்டு சாண் அகலத்துக்குத் திறந்த இடம் பின்னேரமாகியும் மூடவில்லை. ஊரில் வேலிக்கு நடுவே ஆள் குனிந்து போகிற அளவுக்கு விடுகிற வழியைப் பொட்டு என்போம். பெண்கள் நெருப்புக்கும் உப்புக்கும் போய்வருகிற வழி அது. பவளம் என்னிடம் வந்து, எங்கள் கதவடியில் ஒரு பொட்டு வைத்தால் தான் லிப்ற்றுக்குப் போகலாம், நீங்கள் இந்தப் பக்கம் அவிழுங்கள், அண்ணனை அந்தப் பக்கம் அவிழ்க்கச் சொல்கிறேன் என்றாள்.

அன்று பின்னேரம் ஒற்றைப் பக்கத்து ஆண்கள் எங்கள் வீட்டில் கூடினோம். அதே நேரம் இரட்டைப் பக்கத்தார் அருளம்பலத்தின் வீட்டில் கூடினார்கள். இரண்டு கூட்டத்திலும் ஒரே தீர்மானம் எடுக்கப்பட்டதைப் பிறகு அறிந்தேன். பொட்டு வைக்க விடக்கூடாது. ஒரு நாள் ஒருவரைப் போக விட்டால் அது பழக்கமாகிவிடும், பத்து வருடம் போக விட்டால் பாதை உரிமையாகிவிடும், பிறகு எந்த நீதிமன்றமும் அதை அடைக்க விடாது. வேலி யாருடையது என்று தீரும் வரைக்கும் ஒரு கிடுகுகூட அசையக்கூடாது. மாதத்துக்கு மாதம் வாடகை கொடுத்து இருக்கிற, நாளைக்குப் பெட்டியைக் கட்டென்றால் கட்ட வேண்டிய, ஓர் அங்குல நிலமும் சொந்தமில்லாத பன்னிரண்டு குடும்பத்து ஆண்கள், வேறொருவனின் கட்டடத்தில், ஆறாவது மாடிக் கம்பளத்தின்மேல், பாதை உரிமைக்குப் பயந்தோம். எங்கள் கூட்டத்தில் அந்தப் பத்து வருடக் கதையை எடுத்துச் சொன்னவன் நான்தான். மல்லாகத்தில் எங்களுக்காக வாதாடிய அப்புக்காத்து சொன்ன சொற்கள் எனக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம்.

பவளம் குசினி வாசலில் நின்று கேட்டாள். பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தாள். அவள் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. அன்று அவள் வைத்த தேத்தண்ணீரை அந்த ஆட்களுக்கு நானே ஊற்றிக் கொடுத்திருந்தால் இன்று கொஞ்சம் குறைவாக வெட்கப்படுவேன்.

அந்தக் கோடையில்தான் அவளும் நானும் குடியுரிமைச் சத்தியம் செய்திருந்தோம். வாக்காளர் அட்டை எங்கள் இருவர் பெயரிலும் வந்தது. அவள் தன் அட்டையைச் சாமிப்படத்தடியில் வைக்காமல், நாள்தோறும் எடுத்துப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேலை வேலை என்று ஓடியதால் பிரெஞ்சு படிக்கவில்லை. அருளம்பலம் தபால் ஆங்கிலத்தோடு நின்றுவிட்டார். இலவச வகுப்புக்கு இரண்டு வருடம் ஒழுங்காகப் போய் பிரெஞ்சு படித்தவள் பவளம் ஒருத்திதான். கேள்வி அச்சடித்த அந்தப் புத்தகத்தை மூன்று பேரில் வாசிக்கக்கூடியவள் அவள்தான். பென்சிலால் கோடு போட்டு, அகராதியைப் புரட்டி, இரண்டாம் முறை வாசித்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாசிக்காத கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு திரிந்தோம்.

எதுக்குப் போடப் போகிறாய் என்று நான் கேட்டால், வாசித்து முடியவில்லை என்பாள். அண்ணன் வேலிக்குப் பின்னால் நின்று சத்தமாகக் கேட்டாலும் அதே பதில்தான். எழுபத்தேழாம் ஆண்டு தேர்தலில் அருளம்பலம் கார் பிடித்து வீட்டுப் பெண்கள் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு போய், தனிநாடு கேட்ட கட்சியின் சின்னமான சூரியனுக்குப் போடுங்கள் என்று காட்டியவர். அவள் போட்டவள். அதிலிருந்து இதுவரை நடந்த எதையும் ஒருவரும் அவளிடம் கேட்டு நடத்தவில்லை.

வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, மற்ற மாகாணங்களிலிருந்து பஸ்ஸிலும் விமானத்திலும் வந்த சனம் நகரத்தின் நடுவில் கூடி, ஒரு வீதியளவு கொடியைத் தலைக்குமேல் பிடித்து, உங்களை நேசிக்கிறோம், போகாதீர்கள் என்று இந்த ஊர்க்காரரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். தொலைக்காட்சியில் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. முதலில் அந்த அழுகிற சனத்தின்மேல் எரிந்தது, பிறகு அவர்கள்மேல் இல்லை என்று தெரிந்தது. போகாதே என்று சொல்ல எங்களிடம் ஒருவரும் பஸ் பிடித்து வந்ததில்லை. கொழும்பிலிருந்து எங்களைத் தேடி வந்தவர்கள் வேறு சாமான்களோடு வந்தார்கள்.

முப்பதாம் திகதி, திங்கட்கிழமை. எட்டு மணிவரை வாக்குப் போடலாம். இரண்டு தெரு தள்ளி, தேவாலயத்து நிலவறையில். நான் காலையில் கதவு திறந்தவுடனேயே போய் என் வாக்கைப் போட்டுவிட்டு வந்தேன். பவளம் வெள்ளைக் கரை போட்ட நீலச் சேலை உடுத்து, மேலே குளிர்ச்சட்டை போட்டு, கதவடியில் கதிரை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

பத்தரை மணிக்கு அருளம்பலம் வேலிக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, தான் தன் பக்கத்துக் கட்டை அவிழ்க்கச் சம்மதம் என்றார். ஒரே நாளைக்கு, ஒரே தரம், பாதை உரிமை இல்லை என்ற பேச்சோடு. ஆனால் அவள் 'வுய்' என்று போட வேண்டும். கிடைத்த இடத்தில் நானும் நுழைந்தேன். அவள் பக்கத்துக் கட்டை அவிழ்ப்பவன் நான், அப்படியானால் அவள் 'நோன்' என்றுதான் போட வேண்டும் என்றேன். அதோடு நிறுத்தவில்லை. அவிழ்ப்பதற்கு முன்னால் வேலி எங்களுடையது என்று அவர் ஒரு துண்டில் எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னேன். அவளிடமே சொன்னேன், அவரிடம் சொல்லும்படி. ஒரு முழம் இடைவெளியில் நின்றுகொண்டு, இரண்டு பேரும் அவளைத் தபால்பெட்டி ஆக்கினோம். பன்னிரண்டு மணி ஆனது. அவள் கதிரையில் இருந்தாள். ஒரு மணி ஆனது. இரட்டைப் பக்கத்தார் லிப்ற்றில் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒற்றைப் பக்கத்தார் படியால் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் வேலியில் கை வைக்கவில்லை, அது எங்கள் குடும்பத்து வேலி என்று.

இரண்டரை மணிக்கு அருளம்பலத்தின் வீட்டில் தொலைபேசி அடித்தது. லண்டனிலிருந்து அவருடைய மகள். அவர் பேசி வைத்தார். பிறகு செருப்பில்லாத காலோடு வேலியடிக்கு வந்தார். பதினான்கு வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினார்.

"மச்சான், வலிகாமம் முழுக்க வெளிக்கிடட்டாம். இண்டைக்கே."

இணுவில் இருக்கும் வலிகாமப் பகுதி முழுதும் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருத் தெருவாகப் போய் அறிவித்ததாம். இராணுவம் வருகிறது, எல்லாச் சனமும் இரவுக்குள் ஊரை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் போக வேண்டும் என்று. அறிவித்தவர்கள் எங்கள் இயக்கத்து ஆட்கள்தான், நாடு கேட்டவர்கள். மழையாம். நாவற்குழிப் பாலத்தில் ஆள் நகர முடியாத நெரிசலாம். இணுவிலில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லையாம். கமலாம்பிகையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

நாங்கள் இருவரும் நின்றோம். அந்த நேரத்தில், உலகத்தில் உள்ள எல்லாக் கேள்விகளையும் விட்டுவிட்டு, நான் கேட்டது இது.

"அப்ப அந்தக் கிணத்தடி வேலியை இனி ஆர் பாக்கிறது?"

அவர் திடுக்கிடவில்லை. அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். ஆள் இல்லாத நேரம் பார்த்து யாரும் கதியாலைப் பிடுங்கி நட்டால் பிறகு எல்லையை எப்படிக் காட்டுவது என்றார். உறுதியின் பிரதி என்னிடம் இருக்கிறது என்றேன் நான். அவரிடமும் இருக்கிறது என்றார். நில அளவைப் படம் யாரிடம் என்று பேசத் தொடங்கினோம். ஐந்து லட்சம் சனம் மழைக்குள் நடக்கத் தொடங்கிய அந்தப் பொழுதில், பதினான்கு வருடம் முகம் பார்க்காத மச்சானும் மச்சானும் இத்தனை ஒற்றுமையாக, இத்தனை மரியாதையாக, நில அளவைப் படத்தைப் பற்றிக் கதைத்தோம்.

பவளம் கதிரையை விட்டு எழும்பினாள்.

"அங்கை ஒருத்தரையும் கேக்காமல் போ எண்டு கலைக்கிறாங்கள்," என்றாள். குரல் உயரவில்லை. "இஞ்சை ஒரு கடதாசி தந்து, நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேக்கிறாங்கள். என்ரை சீவியத்திலை முதல் தரம். அதுக்குப் போகவிடாமல் என்னை மறிச்சு வச்சிருக்கிறது ஆமியும் இல்லை, இயக்கமும் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும்தான்."

"பிள்ளை, பொறு," என்றார் அருளம்பலம்.

"பொறுத்தனான் அண்ணை. சீதனக் காணி எண்டு என்ரை பேரிலை எழுதினியள். அந்தக் காணிக்கு ஒரு நாளாவது வேலி வேணுமோ எண்டு என்னைக் கேட்டனீங்களோ? இவர் வழக்குப் போட்டார், என்ரை பேரிலை. கேட்டவரோ?"

நான் வேலியில் கை வைத்தேன். அதே கணம் அவரும் வைத்தார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கட்டை அவிழ்த்தோம், வரிச்சை முறித்தோம், முள்முருக்கு முள் கையைக் கிழிக்கக் கிழிக்க எட்டுக் கதியாலைப் பிடுங்கினோம். ஆள் குனிந்து போகிற பொட்டு அல்ல, மாட்டுவண்டி போகிற படலையளவு வழி திறந்தது. திறந்தபடியே நின்றது. அந்த வழியால் லிப்ற்றின் கதவு தெரிந்தது. வா, பவளம், லிப்ற்றிலே போகலாம் என்று நான் கூப்பிட்டேன். அவர் ஓடிப்போய் லிப்ற் பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் அந்த வழியைப் பார்த்தாள். நல்லாய்ப் பார்த்தாள். பிறகு திரும்பி, படிக்கட்டுக் கதவைத் திறந்து, படியால் இறங்கத் தொடங்கினாள்.

ஆறு மாடி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்து இறங்கினாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் பின்னால் போனேன். பிடிக்கப் போனபோது கையை உதறினாள். நாலாம் மாடியில் உதடு நீலமாகியது. மூன்றாம் மாடியில் கால் மணித்தியாலம் இருந்தாள். நான் ஆறு மாடிக்கும் ஆறு தெய்வத்தைக் கூப்பிட்டேன், ஒன்றுக்கும் எனக்கு உதவ வேண்டிய கடமை இல்லை என்று தெரிந்துகொண்டே. இரண்டாம் மாடியில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, பின்னால் வரவேண்டாம் என்று கையால் காட்டினாள். நான் பத்துப் படி விட்டு வந்தேன்.

கீழே ரெஜான் நின்றான். நீல வில்லை சட்டையில் இருந்தது. அவளைக் கண்டதும் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டான், தண்ணீர் கொண்டுவந்தான். எந்தப் பக்கம் என்று அவளைக் கேட்கவில்லை. கீழ்த்தட்டில் இருக்கும் ஹெயிட்டி நாட்டு விதவை, வகுப்பில் பவளத்தோடு ஒரே வாங்கில் இருந்து படித்த யோலாந்து, குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். இருவரும் கைகோத்து, பிரெஞ்சில் ஏதோ பேசிக்கொண்டு, ஐப்பசிக் காற்றுக்குள் தேவாலயத்துப் பக்கம் நடந்தார்கள். யோலாந்து திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நாலரை மணிக்கு அவள் வாக்குப் போட்டாள். கறுப்புத் தாளில் இரண்டு வெள்ளை வட்டம், ஒன்றில் பென்சிலால் ஒரு அடையாளம். எந்த வட்டம் என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தவள் படி ஏற முடியாது. லிப்ற்றில் ஏறலாம், வழி திறந்துதான் இருந்தது, அருளம்பலம் மேலே இன்னும் பொத்தானைப் பிடித்தபடி நின்றார். அவள் ஏறவில்லை. யோலாந்தின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்று இரவு ரெஜானின் சின்ன அறையில் தொலைக்காட்சியில் முடிவு சொன்னார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசத்தில் 'நோன்' வென்றது. ரெஜான் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தோற்றவர்களின் மேடையில் வந்தேறிகளின் வாக்கால்தான் தோற்றோம் என்ற பேச்சு எழுந்தது. அவன் தொப்பியை எடுத்து என்னைப் பார்த்தான். வென்ற பக்கத்து ஆள் நான். என் கையில் முள் கிழித்த இரத்தம் காய்ந்திருந்தது. அவன் ஒரு துணியை எடுத்து எறிந்தான், துடைத்துக்கொள் என்று, கோபமாகத்தான் எறிந்தான். அந்தக் கோபத்துக்கு நான் உரியவன் என்று வாங்கிக்கொண்டேன்.

கமலாம்பிகையின் கடிதம் மூன்று மாதம் கழித்து, கொடிகாமத்திலிருந்து வந்தது. பதினாறு மணித்தியாலம் நடந்தாளாம். வழியில் பிள்ளை பெற்றவளைக் கண்டாளாம், இறந்த கிழவரைப் பாலத்தடியில் விட்டுப் போனவர்களைக் கண்டாளாம். கடிதத்தை ரெஜான் வாங்கி, பெயரைப் பார்த்து, பவளத்தின் கையில்தான் கொடுத்தான். அதற்குள் அவள் கீழ்த்தட்டிலேயே, யோலாந்துக்குப் பக்கத்து வீட்டில், ஒற்றை அறையில் தனியே குடியேறியிருந்தாள். சாவியைக் கொடுத்தவன் ரெஜான். வாடகைப் பத்திரத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

மேலே வேலி நின்றது. படலையளவு வழி திறந்தே கிடந்தது, ஒருவரும் அதற்குள்ளால் போகவில்லை. நானும் அருளம்பலமும் இரண்டு பக்கத்திலும் கதிரை போட்டு உட்கார்ந்திருப்போம். வேலி உங்களுடையதுதான், எழுதித் தருகிறேன் என்றார் ஒரு நாள். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்தக் குளிர்காலம் போனது.

ஆனால் இனிச் சொல்வது முதல் கிழமையில் நடந்தது, வாக்கெடுப்புக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. வேலை முடித்து நேரே போய் யோலாந்தின் கதவைத் தட்டினேன். பவளம் திறந்தாள், சங்கிலியைக் கழற்றாமல். அவளோடு இருபத்தேழு வருடம் வாழ்ந்தவன் நான். ஒரு நாளும் கேட்காத ஒன்றைக் கேட்க வாய் கூசியது. கேட்டேன்.

"நான் உள்ளை வரலாமோ?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரியான கேள்வியா, இதற்குள் வேறு கேள்வி ஒளிந்திருக்கிறதா என்று புத்தகத்தை வாசிக்கிற மாதிரிப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வரை யோசித்தாள். வெள்ளிக்கிழமை சங்கிலியைக் கழற்றி, வாங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ என்றாள். சாப்பிட்டேன், கோப்பையைக் கழுவி வைத்தேன், போனேன். அதன்பிறகு அவள் சாகும்வரை, ஒன்பது வருடமும் மூன்று மாதமும், ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மாடி இறங்கிப் போய் அவளுடைய கதவடியில் நின்று கேட்டேன். சில நாள் ஆம் என்றாள். சில நாள் இல்லை என்றாள்.